எல்லையில் ஏப்பம் விட்டவள்

மலையில் கருமந்திகள் இருந்தன. மலைக்குக் கீழே மேட்டுக்காட்டில் முள்ளம்பன்றிகள் இருந்தன. மேடு இறங்கி முடிகிற இடத்தில் ஒரு பெரிய ஏரி, அதில் ஆமைகள் இருந்தன. மூன்றும் மூன்று நாடுகள். ஒரு நாட்டில் தும்மினால் அடுத்த நாட்டில் கேட்கும். அவ்வளவு பக்கம். ஆனாலும் ஒன்றோடொன்று முகம் கொடுத்துப் பேசியதே இல்லை.

பேசாவிட்டாலும் ஒரு வழக்கம் மட்டும் தவறாமல் நடந்துவந்தது. தினமும் சூரியன் எழுந்ததும் ஒவ்வொரு நாட்டுக் காவலும் எல்லைக்கு வந்து நின்று, பக்கத்து நாட்டுக்குக் கேட்கும்படி ஓர் ஏப்பம் விடவேண்டும். 'எங்கள் வயிறு நிறைந்திருக்கிறது, எங்களுக்கு ஒரு குறையும் இல்லை' என்று அதற்குப் பொருள்.

பசித்த நாடு என்று தெரிந்தால் பக்கத்து நாட்டுக்காரன் இளக்காரமாகப் பார்ப்பான், சமயம் பார்த்து உள்ளே நுழைவான் என்று எந்தக் காலத்திலோ எந்தத் தலைவனோ பயந்துபோய்ப் போட்ட சட்டம் அது. பயந்தவன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஏப்பம் மட்டும் நிற்கவில்லை.

முள்ளம்பன்றி நாட்டின் மலை எல்லையில் ஏப்பம் விடுகிற வேலை சிலும்பாயிக்கு. அவளுக்கு நல்ல தொண்டை. அவள் விடுகிற ஏப்பம் பாறையில் முட்டித் திரும்பிவரும். அந்தத் தொழிலில் அவளுக்குத் தெரியாத நுணுக்கம் கிடையாது. நிஜமாகவே வயிறு நிறைந்தவன் விடுகிற புளியேப்பம் அடிவயிற்றிலிருந்து நிதானமாக ஏறிவரும். பட்டினி கிடப்பவனின் பசியேப்பம் நெஞ்சில் தொடங்கித் தொண்டையிலேயே உடைந்துவிடும். ஒரு புளியங்காயை மென்று, தண்ணீரை ஒரே மூச்சில் விழுங்கிவிட்டால் பசியேப்பத்தையும் புளியேப்பம் மாதிரி ஆக்கலாம். கேட்பவர்கள் ஏமாந்துவிடுவார்கள். விடுகிறவளுக்கு மட்டும் வயிறு காந்தும்.

ஆடி மாதம் முழுவதும் சிலும்பாயி அப்படித்தான் ஏப்பம் விடுவாள். ஆடியில் மலை மேல் மழை கொட்டும். மேட்டுக்காட்டுக்கு வெறும் காற்றுதான் வரும். மண் கல்லாக இறுகிக் கிடக்கும். நகம் ஒடியத் தோண்டினாலும் ஒரு வேர் கிடைக்காது.

போன ஆடியில் அவள் எல்லையில் நின்று ஊர் கேட்க ஏப்பம் விட்ட அதே காலையில், வளையில் அவளுடைய கடைக்குட்டி பசியால் செத்துப்போனது. திரும்பி வந்து பார்த்தவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. குட்டி அஜீரணத்தில் செத்ததாக நாட்டில் அறிவித்தார்கள். அந்த நாட்டில் பசியால் யாரும் சாகக்கூடாது, சட்டப்படி எல்லோருக்கும் அஜீரணம்தான்.

இந்த வருஷம் அவளுக்கு இரண்டு குட்டிகள். இரண்டையும் ஆடியைத் தாண்டவைத்துவிட வேண்டும். சிலும்பாயிக்கு வேறு நினைப்பே இல்லை.

பங்குனி பிறந்தது. ஒரு நாள் காலை அவள் வழக்கம்போல் ஏப்பம் விட்டாள். எதிர்ப்பக்கத்தில் மரக்கிளையில் மந்திகளின் காவல்காரன் நெடுவாலன் உட்கார்ந்திருந்தான். அவனும் பதிலுக்கு விட்டான். ஏப்பம் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் நெஞ்சில் தொடங்கியது, தொண்டையில் உடைந்தது.

சிலும்பாயியின் முட்கள் சிலிர்த்தன. மறுநாளும் காது கொடுத்துக் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். சந்தேகமே இல்லை. எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்று, சட்டத்தில் இல்லாத ஒரு காரியத்தைச் செய்தாள். பேசினாள்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இது பசியேப்பம்தானே?"

நெடுவாலன் பல்லைக் காட்டிச் சீறினான். மலையில் கொழுந்து கொட்டிக் கிடப்பதாகவும், நேற்றுத் தின்றதே இன்னும் நெஞ்சில் நிற்பதாகவும் அளந்தான். சிலும்பாயி, அவன் அளந்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"புளியங்காயை மென்னு, தண்ணியை ஒரே மூச்சுல குடிச்சுட்டு விட்டா இந்தச் சத்தம்தான் வரும். போன ஆடி முழுக்க நான் விட்டது இதே ஏப்பம்தான் அண்ணே" என்றாள்.

நெடுவாலனின் வால் தொங்கிவிட்டது. "அதெல்லாம் பொய்யா? ஆடியிலகூட இவங்களுக்குக் குறையே இல்லையேன்னு எங்க ஊர்ல எத்தனை பேர் வயிறெரிஞ்சாங்க தெரியுமா?"

பிறகு அவனும் மறைக்கவில்லை. பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் மலையில் மரமெல்லாம் மொட்டையாகிவிடுகிறதாம். அவனுடைய தங்கையின் பிள்ளை மரப்பட்டையைக் கடித்துக் கடித்து வாயெல்லாம் புண்ணாம். ஆனால் ஆனி, ஆடியில் பலா காய்த்துத் தள்ளுமாம். தின்ன ஆள் போதாதாம். அழுகுகிற பழங்களை மலைக்குப் பின்பக்கப் பள்ளத்தில் உருட்டிவிடுவார்களாம்.

"ஏன் பின்பக்கம்? முன்பக்கம் உருட்டக்கூடாதா?" என்று சிலும்பாயி கேட்டாள்.

"முன்பக்கம் உருட்டினா உங்களுக்குல்ல கெடைச்சுடும்?" என்றான் நெடுவாலன். சொன்ன பிறகுதான் அவனுக்கே வெட்கமாகப் போயிற்று.

சிலும்பாயி நேராகத் தன் நாட்டுத் தலைவர் கூர்முடியாரிடம் ஓடினாள். மந்திகளுக்குப் பங்குனியில் பசி என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா சேதி! நாளையிலேருந்து ரெண்டு ரெண்டு ஏப்பமா விடு" என்றார்.

சிலும்பாயி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. உங்களுக்கும் ஆடி எப்படிப் போகிறதென்று தெரியும், எனக்கும் தெரியும், இனியும் ஒரு குட்டியை மண்ணில் புதைக்க என்னால் ஆகாது என்று அழுத்தமாகச் சொன்னாள். தலைவர் கெட்டவர் இல்லை. வீறாப்புதான் கொஞ்சம் அதிகம். முணுமுணுத்துக்கொண்டே ஒரு பேச்சுவார்த்தைக்குச் சம்மதித்தார்.

எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் கூர்முடியார் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் மந்திகளின் தலைவர் உச்சிக்கிளையார் உட்கார்ந்தார். பாதிக் காலை பெருமை பேசுவதிலேயே போயிற்று. பிறகு கூர்முடியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எங்கோ ஏதோ ஒரு நாட்டில் ஆடி மாதம் கொஞ்சம் சிரமமாக இருக்குமாம் என்று ஆரம்பித்தார். உச்சிக்கிளையாரும் வானத்தைப் பார்த்தபடி, எங்கோ ஏதோ ஒரு மலையில் பங்குனி மாதம் அப்படித்தானாம் என்றார். அவரவர் நாட்டை எங்கோ ஒரு நாடாக்கிப் பேசினாலும் பேச்சு ஓடத்தான் செய்தது. அந்த எங்கோ ஒரு மலைக்காரர்கள் ஆடியில் பலாப்பழம் கொடுப்பார்கள் என்று முடிவாயிற்று.

"சரி, பங்குனியில எங்களுக்கு நீங்க என்ன தருவீங்க?" என்று உச்சிக்கிளையார் கேட்டார். அவசரத்தில் 'எங்கோ' விட்டுப்போயிற்று.

மேட்டுக்காட்டில் விளைவது வள்ளிக்கிழங்கு. ஐப்பசி மழை நனைத்தால்தான் அது பெருக்கும். அப்போது தின்று மாளாது. ஆனால் அந்த ஈரத்தில் தோண்டிய கிழங்கு பத்து நாள் தாங்காது. பங்குனிவரை அதை எப்படிக் காப்பாற்றுவது? ஐப்பசியில் மந்திகளுக்குக் கொடுக்கலாமென்றால், ஐப்பசியில் அவர்களுக்கு வேண்டிய மட்டும் கொழுந்து இருக்கிறது.

"வாங்குறதுக்கு மட்டும்தான் கூட்டாளியா?" என்று சொல்லிவிட்டு உச்சிக்கிளையார் வாலைச் சுழற்றிக்கொண்டு மரம் ஏறிவிட்டார்.

கூர்முடியாருக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. நாட்டின் பசியை வெளியே சொன்ன குற்றத்துக்காகச் சிலும்பாயியை மலை எல்லையிலிருந்து நீக்கினார். இனி அவளுக்கு ஏரி எல்லைதான். சேறும் கொசுவும் நிறைந்த இடம். அங்கே எதிர்க்காவல் ஓர் ஆமை. தண்ணீருக்குள்ளிருந்து அது விடுகிற ஏப்பம் வெறும் குமிழியாகத்தான் மேலே வரும். அங்கே போவதை யாரும் வேலையாகவே மதிப்பதில்லை.

சித்திரை முதல் நாள் சிலும்பாயி அங்கே போய் நின்றாள். ஏரி பாதி வற்றியிருந்தது. சற்று நேரத்தில் தண்ணீரில் ஒரு குமிழி வந்தது. கொழுத்த குமிழி. அடியிலிருந்து நிதானமாக ஏறி, மேலே வந்து, ஆற அமர உடைந்தது.

சிலும்பாயி அசந்துபோனாள். இப்படி ஒரு நிஜமான ஏப்பத்தை அவள் எத்தனையோ நாளாகக் கேட்டதில்லை. தன்னையறியாமல் வாய்விட்டுப் பாராட்டிவிட்டாள். குமிழி விட்டவர் மெல்லத் தலையை வெளியே நீட்டினார். பாசிமுத்து என்று பெயர், ஆமை நாட்டின் காவலும் அவரே, ஆமைகள் மதிக்கிற ஆளும் அவரே. பாராட்டில் குளிர்ந்துபோய், தண்ணீர் வற்ற வற்ற அல்லிக்கிழங்கு காலில் இடறுவதாகவும், தின்றது போக மீதி வெயிலில் நாறுவதாகவும் சொன்னார்.

"அண்ணே, உங்க நாட்டுல பசிக்கிற மாசம் எது?" என்று சிலும்பாயி கேட்டாள்.

பாசிமுத்துவின் தலை ஓட்டுக்குள் போய்விட்டது. கால்களும் போய்விட்டன. எதிரே ஒரு கல் கிடந்தது, அவ்வளவுதான்.

சிலும்பாயி போகவில்லை. அந்தக் கல்லுக்கு எதிரே சேற்றில் உட்கார்ந்து, மலையில் மந்திப் பிள்ளைகள் பட்டையைக் கடிப்பதைச் சொன்னாள், பிறகு தன் கதையைச் சொன்னாள். செத்துப்போன கடைக்குட்டியைப் பற்றிச் சொன்னாள். அது அஜீரணம் என்று தானும் ஊரோடு சேர்ந்து தலையாட்டியதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது, அழுதாள். தலை வெளியே வருவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

"ஐப்பசி வெள்ளத்துல கொடியெல்லாம் அத்துக்கிட்டுப் போயிடும் தங்கச்சி" என்றார் பாசிமுத்து. "தை பொறக்கிற வரைக்கும் நாங்க சேத்தைத்தான் திங்கிறோம். குஞ்சுங்க பாதிக்குப் பாதி பொழைக்காது. யார்கிட்டயும் சொல்லிடாதே."

சிலும்பாயி தன் முதுகிலிருந்து ஒரு முள்ளை உதிர்த்து ஈரச் சேற்றில் மூன்று வட்டங்கள் போட்டாள். ஏரியில் மிஞ்சுகிற நேரம் மலையில் பசி. மலையில் மிஞ்சுகிற நேரம் மேட்டில் பசி. மேட்டில் மிஞ்சுகிற நேரம் ஏரியில் பசி. இரண்டு நாடுகள் உட்கார்ந்து பேசினால் கணக்கு இடிக்கத்தான் செய்யும். மூன்றும் சேர்ந்தால்தான் வட்டம் முடியும்.

பாசிமுத்து அந்த வட்டங்களை வெகு நேரம் பார்த்தார். அவர் மக்கு இல்லை. "அப்போ முதல்ல குடுக்கிறது நாங்க. கடைசியில வாங்கிறதும் நாங்க. நடுவுல ஒருத்தர் கைவிட்டாலும் எங்க கதை முடிஞ்சுது, இல்லையா?"

"ஆமாண்ணே. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. நீங்க குடுக்கிறதுல ஒண்ணுகூடக் குறையாம மலைக்குச் சுமந்துட்டுப் போவேன். ஐப்பசியில நான் உயிரோட இருந்தா கிழங்கோட இங்க வருவேன். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

பாசிமுத்து தண்ணீருக்குள் போனார். உள்ளே பெரிய வாக்குவாதம் நடந்திருக்க வேண்டும், ஏரியே கொதிப்பதுபோல் குமிழிகள் வந்தன. மறுநாள் வெளியே வந்து, எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். ஆமை நடை என்று நாம் சிரிக்கிறோம். மூன்று நாடுகளில் முதல் அடியை எடுத்து வைத்தது ஆமைதான்.

இனி கிழங்கு ஏரியிலிருந்து மலைக்குப் போகவேண்டும். நடுவில் இருப்பது முள்ளம்பன்றி நாடு. கூர்முடியாரின் அனுமதி இல்லாமல் ஒரு துரும்பும் அந்த வழியில் போகாது. பசி, உதவி என்ற வார்த்தைகள் அவர் காதில் விழுந்தால் எல்லாம் கெட்டுவிடும். சிலும்பாயி கொஞ்சம் சாமர்த்தியம் செய்தாள்.

ஆமைகளுக்கு முதுகு வழுக்குகிறதாம், ஒரு கிழங்கைக்கூட ஏற்றி வைக்க முடியவில்லையாம், சுமப்பதற்கு மேட்டுக்காட்டு முட்களுக்கு ஈடு உலகத்திலேயே இல்லை என்று ஏரி முழுக்கப் பேச்சாம் என்று போய்ச் சொன்னாள். கூர்முடியார் தம் முட்களை ஒரு தடவை விரித்துப் பார்த்துக்கொண்டார். பாவம், சுமந்துவிட்டுப் போகட்டும் என்று உத்தரவாயிற்று.

பன்னிரண்டு முள்ளம்பன்றிகள் கிளம்பின. முதுகில் முள்ளுக்கு ஒன்றாக அல்லிக்கிழங்கு குத்தியிருந்தது. மேட்டுக்காட்டில் அப்போதே அரை வயிற்றுக் காலம் ஆரம்பித்துவிட்டது. வழியெல்லாம் வளைகளிலிருந்து மூக்குகள் எட்டிப் பார்த்தன. சிலும்பாயி தன் வளையைக் கடக்கும்போது சின்னக் குட்டி ஓடிவந்து, "அம்மா, ஒண்ணே ஒண்ணு" என்றது.

ஒன்று கொடுத்தால் பின்னால் வருகிறவளும் தன் குட்டிக்கு ஒன்று கொடுப்பாள். மலைக்குப் போய்ச் சேரும்போது வெறும் முள்தான் மிஞ்சும். சிலும்பாயிக்கு அது தெரியும்.

"இது மந்திப் பிள்ளைங்களுக்கு. உனக்கு ஆடியில பலாப்பழம் வரும்" என்றாள். குட்டியைத் தாண்டி நடந்தாள். பின்னால் வந்த பதினொரு பேரும் தங்கள் குட்டிகளைத் தாண்டி அப்படியே நடந்தார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

மலையடிவாரத்தில் சிலும்பாயி மந்திகளின் மானத்தையும் காப்பாற்றினாள். ஏரியில் கிழங்கு மிஞ்சி நாற்றம் தாங்கவில்லை, தயவுசெய்து தின்று உதவவேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். உதவி என்று வந்தவர்களை விரட்டுவது எங்கள் பரம்பரையிலேயே கிடையாது என்று உச்சிக்கிளையார் பெருந்தன்மையாகச் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் பாதிக் கிழங்கு காணாமல் போயிற்று.

நெடுவாலன் மட்டும் தின்னாமல் சுமந்து வந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "உங்க முதுகையும் பாத்தேன், உங்க வயித்தையும் பாத்தேன்" என்றான். "ஆடியில மலை சும்மா இருக்காது சிலும்பாயி."

சித்திரை முழுவதும் சுமந்தார்கள். வைகாசி போயிற்று. ஆனி வந்தது. மலையிலிருந்து ஒன்றும் வரவில்லை.

அந்த வருஷம் மலையில் மழை பிந்திவிட்டது. பலாக்கள் இன்னும் பழுக்கவில்லை. அது மேட்டுக்காட்டில் யாருக்குத் தெரியும்? ஆடி பிறந்து காற்று புழுதியை வாரி அடித்தது. அடுத்தவனுக்குச் சுமந்து கொடுத்துவிட்டு நாம் மண்ணைத் தின்கிறோம் என்று ஊர் சிலும்பாயியை ஏசியது. சுமந்து வந்த பதினொரு பேரிலேயே சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எங்கோ ஒருத்தி எதையோ நம்பினாளாம் என்று கூர்முடியார் காதுபடச் சொன்னார்.

சின்னக் குட்டி எழுந்து நடப்பதை நிறுத்திவிட்டது. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தது. சிலும்பாயி தினமும் காலையில் மலை எல்லைக்குப் போய் நின்றாள். அங்கே இப்போது அவளுக்கு வேலை இல்லை. ஆனாலும் போய் நின்றாள்.

ஆடி பத்தாம் நாள் காலை மலையில் தடதடவென்று ஒரு சத்தம் கேட்டது. மேலே பார்த்தால் உடம்பெல்லாம் முள்ளாகப் பெரிய பெரிய உருவங்கள் சரிவில் உருண்டு வந்துகொண்டிருந்தன. ஒன்றிரண்டு இல்லை, ஒரு படையே வந்துகொண்டிருந்தது. பலாப்பழத்தை வாசனையாக மட்டுமே அறிந்தவர்கள் மேட்டுக்காட்டுக்காரர்கள், கண்ணால் கண்டதில்லை.

"மந்திங்க வேற நாட்டு முள்ளம்பன்றிங்களைக் கூட்டிக்கிட்டுச் சண்டைக்கு வந்துட்டாங்க! எல்லாரும் வளைக்குள்ள போங்க!" என்று கூர்முடியார் கத்தினார். உள்ளே போனதிலும் அவரே முதல்.

சிலும்பாயி நகரவில்லை. ஓடிப்போய் வளைக்குள் ஒளிந்தால் அங்கே கண் மூடிக் கிடக்கிற குட்டியைத்தான் பார்க்கவேண்டும். அதற்கு இது மேல் என்று நின்றாள். படையில் முன்னால் வந்தது ஒரு பாறையில் மோதி, எகிறி, அவள் காலடியில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. உள்ளே மஞ்சள் மஞ்சளாகச் சுளைகள். ஆடிக் காற்றில் எத்தனையோ வருஷமாக அவள் பசியைக் கிளறிய அதே வாசனை.

மேலே மரத்திலிருந்து நெடுவாலனின் குரல் கேட்டது. "முன்பக்கமா உருட்டச் சொன்னியே, சரியா வந்துச்சா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒரு சுளையை வாயில் கவ்விக்கொண்டு வளைக்கு ஓடினாள். சுளையை மென்று மென்று குட்டியின் வாயில் வைத்தாள். முதல் சுளையை அது விழுங்கவே வெகு நேரம் ஆயிற்று. இரண்டாவதை மெதுவாகச் சப்பியது. மூன்றாவதைத் தானே பிடித்துத் தின்றது.

வெளியே ஊர் முழுக்கப் பழத்தைச் சூழ்ந்துகொண்டது. கூர்முடியாரும் எதிரியைச் சோதிக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஒரு முழுப் பழத்தைச் சோதித்து முடித்தார்.

ஐப்பசி வந்தது. மேட்டுக்காட்டில் மழை கொட்டியது. வள்ளிக்கிழங்கு மண்ணைப் பிளந்துகொண்டு எட்டிப் பார்த்தது. ஏரிப் பக்கம் வெள்ளம் செம்மண் நிறத்தில் சுழித்து ஓடியது.

ஏரிக்குக் கிளம்பவேண்டும் என்று சிலும்பாயி சொன்னதும் கூர்முடியார் முகத்தைச் சுளித்தார். ஆமைகள் கொடுத்தது மந்திகளுக்கு, வேண்டுமானால் மந்திகளிடம் போய்க் கேட்டுக்கொள்ளட்டும் என்றார். நமக்கு வரவேண்டியது வந்துவிட்டது, வெள்ளத்தில் போய் ஏன் சாகவேண்டும் என்றார். சிலர் தலையாட்டினார்கள். வயிறு நிறைந்தவர்களுக்குத் தலையாட்டுவது சுலபம்.

"ஐயா, ஆமை குடுக்கலேன்னா மந்தி உருட்டியிருக்காது. மந்தி உருட்டலேன்னா என் குட்டி இன்னைக்கு இல்ல" என்றாள் சிலும்பாயி. "நான் கெளம்பறேன். வர்றவங்க வாங்க."

முதுகில் கிழங்குகளைக் குத்திக்கொண்டு மழையில் இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் வராவிட்டால் தனியாகவே போவது என்று முடிவு செய்திருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் முட்கள் சலசலக்கும் சத்தம் கேட்டது. ஆடியில் முகத்தைத் திருப்பியவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஏசியவர்கள் வந்தார்கள். வழியில் ஒவ்வொரு வளையிலிருந்தும் ஆள் சேர்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் கூர்முடியாரும் வந்தார். நாடே முன்னால் போகத் தலைவர் பின்னால் போனால் நன்றாக இருக்காது என்று மூச்சிரைக்க ஓடி முன் வரிசைக்கு வந்து சேர்ந்தார். அவர் முதுகில்தான் எல்லாரையும்விடப் பெரிய கிழங்கு. அதை நான் சொல்லாமல் விட்டால் அவர் கோபித்துக்கொள்வார்.

ஏரிக்கரையில் வெள்ளம் அலையடித்தது. தண்ணீர் எட்டாத ஒரு மேட்டில் பாசிமுத்து உட்கார்ந்திருந்தார். கழுத்து வற்றித் தோல் தொங்கியது. அவருக்குப் பின்னால் ஆமைக் குஞ்சுகள் சேற்றை முகர்ந்துகொண்டிருந்தன. மழைக்குள் முள்ளம்பன்றிகள் வரிசையாக வருவதை அவர் கண்ணைக் கொட்டாமல் பார்த்தார்.

சிலும்பாயி ஒரு கிழங்கை உருவி அவர் வாய்க்கு எதிரே வைத்தாள். "வருவோம்னு நம்பி இங்கயே உக்காந்திருந்தீங்களாண்ணே?"

"நம்பல தங்கச்சி" என்றார் பாசிமுத்து. "எங்க நாட்டுல ஒருத்தரும் நம்பல. மலையில பிள்ளைங்க பட்டையைக் கடிக்குதுன்னு நீ சொன்னே. அதைக் கேட்டப்புறம் கெழங்கை நாறவிட மனசு வரல. அதான் குடுத்தேன்."

அவர் அந்தக் கிழங்கைத் தின்னவில்லை. மூக்கால் மெல்லத் தள்ளித் தள்ளிக் குஞ்சுகளிடம் கொண்டுபோய் விட்டார். குஞ்சுகள் முட்டி மோதிக்கொண்டு கடித்தன. கூர்முடியார் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார், மழைத் தண்ணீர் கண்ணில் பட்டுவிட்டதாகச் சொன்னார். பிறகு யாரும் சொல்லாமலே தம் முதுகுக் கிழங்கை இறக்கிப் பாசிமுத்துவின் முன்னால் வைத்து, அவர் தின்னும்வரை பக்கத்திலேயே நின்றார்.

அந்த வருஷம் மலையில் ஒரு மந்திப் பிள்ளையும், மேட்டில் ஒரு குட்டியும், ஏரியில் ஒரு குஞ்சும் பசியால் சாகவில்லை.

தன் குறையை மறைக்காமல் சொல்லி, தன்னிடம் மிஞ்சியதைப் பதுக்காமல் கொடுத்து அண்டை நாடுகள் ஒன்றுசேர்ந்தால், எந்த நாட்டிலும் வறுமை காலூன்ற முடியாது.